ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை: முதல் நாளிலிருந்து இரண்டாம் ஆண்டு வரை ஒரு முழு வழிகாட்டி

ஹெராயின் பழக்கம் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே யோசனைதான் வரும். பத்து நாள் எங்கேயாவது வைத்து உடம்பிலிருந்து அதை எடுத்துவிட்டால் பையன் பழையபடி ஆகிவிடுவான் என்று நினைப்பார்கள். பத்து நாளில் உடம்பிலிருந்து எடுத்துவிடலாம், அது சரிதான். அதோடு சிகிச்சையை நிறுத்திக்கொண்டவர்களில் மிகப் பலர் சில வாரங்களிலேயே திரும்பத் தொடங்குகிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அப்படித் திரும்பும்போது ஆபத்து முன்பைவிட அதிகம். இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போயிருக்கும். முன்பு தினமும் எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ 'சுத்தமாக' வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில்தான் சாவு அதிகம்.

அதனால் இந்த வழிகாட்டியில் 'வெளியே எடுக்கும்' அந்த ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் இடமும், அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் ஓபியாய்டு வகைப் பொருட்களை (அபின், ஹெராயின், அவற்றைப் போல வேலை செய்யும் வலி மாத்திரைகள்) பயன்படுத்துபவர்கள் சுமார் 2.26 கோடிப் பேர். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலை. அபின், மாத்திரைகள் ஆகியவற்றைவிட ஹெராயின் பயன்பாடே கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அபூர்வமான அவமானம் இல்லை இது.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் பிரவுன் சுகர் என்ற கலப்பட ஹெராயின். அதை ஃபாயில் பேப்பரில் வைத்துச் சூடாக்கிப் புகையாக இழுப்பவர்கள் உண்டு, ஊசியாகப் போடுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் டேபென்டடால், டிராமடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கமும் பரவியிருக்கிறது. இவையும் ஓபியாய்டுகள்தான், எனவே கீழே சொல்லும் சிகிச்சை பெருமளவு இவர்களுக்கும் பொருந்தும். கஞ்சாவுக்கும் மெத்தாம்ஃபெட்டமினுக்கும் பொருந்தாது. அவற்றுக்கு வழி வேறு.

எதற்கும் முன்னால்: மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

சிகிச்சைக்கு அவர் சம்மதிக்க நாளாகலாம். அதுவரை உயிர் இருக்க வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அளவு மீறியதன் அறிகுறிகளை. கூப்பிட்டால், தட்டினால், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தால் எழாமல் இருப்பது. மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருவது. குறட்டை போலக் கரகரப்பான சத்தம். உதடும் நகமும் நீலம் பாய்வது. கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருப்பது. 'நல்லா தூங்குறான், தூங்கட்டும்' என்று விட்ட இரவுகளில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

உடனே 108ஐ அழையுங்கள். 'மூச்சு விடவில்லை' என்பதை முதலில் சொல்லுங்கள், காரணத்தை அடுத்துச் சொல்லலாம். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 5 விநாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். நாடித் துடிப்பே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். மூச்சு தானாக வரத் தொடங்கினால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுத்தால் அடைக்காது.

நாலக்சோன் என்பது இதை முறிக்கும் மருந்து. ஓபியாய்டு மூளையில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். இந்தியாவில் பெரும்பாலும் 0.4 மில்லிகிராம் ஆம்பியூலாகக் கிடைக்கிறது. தொடையில் தசைக்குள் போடலாம். 2, 3 நிமிடத்தில் அசைவு இல்லையென்றால் இன்னொன்று. ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், உள்ளே போன போதை அதைவிட நீடிக்கலாம். எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று சண்டை போட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் இதற்குச் சீட்டு கேட்டு வாங்கி, எப்படிப் போடுவது என்று ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் இதைப் பற்றிய பேச்சே எழாது.

உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது, பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது, பிடித்து நடக்கவைப்பது எதுவும் உதவாது. நேரம்தான் வீணாகும்.

எங்கே போவது

வெட்கம் இல்லாமல் போகக்கூடிய முதல் இடம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. எல்லா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794இல் தொடங்கியது, அதன் பெயர் கேட்டதும் சிலர் தயங்குவார்கள், தயங்கத் தேவையில்லை. 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளோடு சேர்த்துத் தொடங்கியிருக்கிறது. தனியார் தொண்டு அமைப்புகளில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய, அடையாறு பக்கம் உள்ள டி.டி.கே. மருத்துவமனை பழையது, பலருக்கும் தெரிந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு.

ஊசி போடுபவராக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஓஎஸ்டி மையங்கள் நடக்கின்றன. போதைக்குப் பதிலாக மருந்தை நர்ஸ் முன்னிலையில் தினமும் இலவசமாகக் கொடுக்கும் இடங்கள் இவை. அருகில் எது என்று கேட்க 1097. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், 14416, தமிழிலும் பேசலாம். இவற்றுக்குக் கட்டணமில்லை. போன் செய்யும்போது ஒரு கேள்வியை நேரடியாகக் கேளுங்கள்: 'பியூப்ரினார்ஃபின் கொடுக்கும் டாக்டர் எங்கே இருக்கிறார்?' ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் முக்கியமான மருந்து அது, கீழே விவரம் இருக்கிறது. பதிலை வைத்தே அந்த இடத்தின் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

டாக்டர் கேட்பவை: என்ன எடுக்கிறார், எவ்வளவு, எப்படி, கடைசியாக எத்தனை மணிக்கு, கூடவே தூக்க மாத்திரையோ சாராயமோ உண்டா, இதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்தாரா, தற்கொலை எண்ணம் உண்டா. இதில் பொய் சொல்வது வழக்கம். பாதி அளவைச் சொல்வார்கள், மாத்திரையை மறைப்பார்கள். அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். கொஞ்ச நேரம் அவரை டாக்டரோடு தனியாக விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். குறிப்பாக அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற மாத்திரைகள், குடி இவை இரண்டும் மறைக்கக் கூடாதவை. ஓபியாய்டோடு சேரும்போது மூச்சைக் குறைப்பவை இவைதான். தவிர குடியையும் இந்த மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனை: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, கல்லீரல் செயல்பாடு. இருமல் இருந்தால் காசநோய்க்கும். ஊசி போடுபவர்களிடம் ஹெபடைடிஸ் சி மிகவும் அதிகம், பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. இதற்கு இப்போது மாத்திரையிலேயே குணம் உண்டு. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், பெரும்பாலோருக்கு 12 வாரம், அரசு மருத்துவமனையில் இலவசம். முதலில் போதையை விடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகவே பார்க்கலாம். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

உடம்பு கேட்கும் அந்த ஒரு வாரம்

ஹெராயினை நிறுத்தியதும் உடம்பு அதைக் கேட்டு முறுக்கும். இந்த முறுக்கல் கடைசியாக எடுத்த 6 முதல் 12 மணி நேரத்தில் ஆரம்பிக்கும். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்சு. அப்புறம் வயிற்றைப் பிசைவது, வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, கால் தானாக உதறுவது, தூக்கமே இல்லாத இரவுகள். 2, 3ஆம் நாள் உச்சம். 5 முதல் 10 நாளில் அடங்கும். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் இழுக்கும்.

ஆரோக்கியமான ஒருவரை இது பொதுவாகக் கொல்லாது. ஆனால் வாந்தி பேதியில் நீர்ச்சத்து போய் ஆபத்தாகலாம். ரூமில் போட்டுப் பூட்டிவைத்து 'அனுபவிக்கட்டும், அப்போதான் புத்தி வரும்' என்பது சிகிச்சை ஆகாது. அந்த வேதனையிலிருந்து யாரும் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. அடுத்த முறை சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுகிறார்கள் என்பதுதான் மிச்சம்.

பியூப்ரினார்ஃபின் கொடுத்தால் இந்த வாரம் பெருமளவு தணிந்துவிடும். அது கிடைக்காத இடத்தில் குளோனிடின் (ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தரவேண்டும்), பேதிக்கு லோபெரமைடு, வலிக்கும் வாந்திக்கும் தனித்தனி மாத்திரைகள், ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர். இவற்றால் சமாளிக்கலாம். ஆனால் இவை அந்த வாரத்துக்கு மட்டும்தான்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஹெராயின் பழக்கத்துக்கு நீண்ட காலம் கொடுக்கும் மருந்துகள் மூன்று.

பியூப்ரினார்ஃபின். இதுவும் ஓபியாய்டுதான், ஆனால் மூளையில் ஓரளவுக்கு மட்டும் வேலை செய்யும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதன் விளைவு ஏறாது, அதனால் இது மட்டும் தனியாக இருக்கும்போது மூச்சை நிறுத்தும் ஆபத்து குறைவு. ஏக்கத்தை அடக்கும். இதன் மேல் ஹெராயின் எடுத்தால் பழைய கிறக்கம் வராது. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும், விழுங்கினால் பயன் பெரும்பாலும் போய்விடும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது நாலக்சோன் கலந்த மாத்திரையாகக் கொடுப்பார்கள். அதைக் கரைத்து ஊசியில் போட்டால் உடம்பு முறுக்கும், ஆகவே தவறாகப் பயன்படுத்துவது குறையும்.

மெத்தடோன். இது முழு ஓபியாய்டு, மருந்துத் தண்ணீராக, நாளுக்கு ஒரு வேளை. 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் இதை ஹெராயின் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். பியூப்ரினார்ஃபின் போதாதவர்களுக்கு நல்லது. முதல் இரண்டு வாரம் அளவை மிகக் கவனமாக ஏற்ற வேண்டும், இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜி பார்க்க வேண்டியிருக்கும். இந்தியாவில் மிகச் சில இடங்களில்தான் கிடைக்கிறது.

நால்ட்ரெக்ஸோன். இது ஓபியாய்டே இல்லை. ஹெராயின் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். 50 மில்லிகிராம், தினமும். கடைசியாக எடுத்து 7 முதல் 10 நாள் ஆன பிறகுதான் தொடங்க வேண்டும், முன்னால் கொடுத்தால் கடுமையாக உடம்பு முறுக்கும். வேலை, குடும்பம், தினமும் கண் முன்னால் மாத்திரையை விழுங்கவைக்க ஒரு ஆள், கூடவே சொந்த உறுதி, இவை எல்லாம் இருப்பவர்களுக்குப் பயன்படுகிறது. மற்றவர்கள் சில வாரங்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அப்போது உடம்பின் தாங்கும் சக்தி சுத்தமாகப் போயிருக்கும்.

பியூப்ரினார்ஃபினும் மெத்தடோனும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005இலிருந்தே இருக்கின்றன. இவற்றில் இருக்கும் காலத்தில் இறப்பு விகிதம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே மாதிரி காட்டுகின்றன. எச்ஐவி தொற்றும் குறைகிறது. வேறு எந்த ஆலோசனைக்கும், யோகாவுக்கும், பூட்டிய கதவுக்கும் இந்த அளவுக்கு ஆதாரம் கிடையாது.

இங்கேதான் அந்தக் கேள்வி வரும். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' மாமா கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், சில மறுவாழ்வு மையங்களில் ஊழியர்களே கேட்பார்கள். ஹெராயின் எடுப்பவரின் நாள் இப்படிப் போகும்: காலையில் உடம்பு கேட்கும், பணம் தேட வேண்டும், ஆளைத் தேட வேண்டும், எடுத்த பிறகு சில மணி நேரம் கிறக்கம், மாலையில் மறுபடியும் முதலிலிருந்து. சரியான அளவில் பியூப்ரினார்ஃபின் எடுப்பவர் காலையில் மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். கிறக்கம் இல்லை, மாலையில் முறுக்கல் இல்லை. உடம்பு அந்த மருந்தைச் சார்ந்திருக்கிறது என்பது உண்மைதான். வாழ்க்கை அதைச் சுற்றி ஓடவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் மாத்திரை போடும் நாள்

பியூப்ரினார்ஃபினைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஹெராயினைத் தள்ளிவிட்டு அரை மணி நேரத்தில் கடுமையான முறுக்கலைக் கொண்டுவரும். 'அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை' என்று பலர் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே கடைசியாக எடுத்து குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கடிகாரத்தைவிட உடம்பை நம்புங்கள்: பாவை விரிந்திருக்க வேண்டும், கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சு தெரிய வேண்டும். மெத்தடோனிலிருந்து மாறுபவர்கள் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

முந்தின நாள் மாலையே கடைசியாக எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வேதனையோடு மருத்துவமனைக்கு வருவதுதான் நடைமுறை. அந்த இரவு வீட்டில் யாராவது கூட இருங்கள்.

முதல் அளவு வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராம். வாயை நனைத்துக்கொண்டு, நாக்கின் அடியில் வைத்து, முழுதும் கரையும் வரை பேசாமல், எச்சிலை விழுங்காமல் இருக்க வேண்டும். 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். அதற்குள் டீ, சிகரெட் கூடாது. ஓரிரு மணி நேரம் பார்த்து, இன்னும் வேதனை இருந்தால் அடுத்த அளவு. முதல் நாள் மொத்தம் 8 மில்லிகிராம் வரை போவது வழக்கம். அடுத்த நாட்களில் டாக்டர் ஏற்றிக்கொண்டே போய், ஏக்கமும் முறுக்கலும் இல்லாத இடத்தில் நிறுத்துவார். பெரும்பாலோருக்கு அது 8 முதல் 16 மில்லிகிராமுக்குள் இருக்கும்.

இதில் வீட்டார் செய்யும் தொந்தரவு ஒன்று உண்டு. 'டாக்டர், கம்மியா குடுங்க, பழகிடப் போகுது' என்பார்கள். குறைவாகக் கொடுத்தால் மதியமே உடம்பு கேட்கும். அவர் பழைய இடத்துக்குப் போவார். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்று பழி மருந்தின் மேல் விழும்.

அடுத்த மாதங்கள்

முதல் சில வாரம் தினமும் போக வேண்டியிருக்கும். ஓஎஸ்டி மையத்தில் மாத்திரையைப் பொடித்து நர்ஸ் எதிரிலேயே நாக்கின் அடியில் வைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஆட்டோ ஓட்டுபவர், கூலிக்குப் போகிறவர் காலையில் ஒன்றரை மணி நேரத்தை இழப்பது சாதாரண விஷயம் இல்லை. 2020 கொரோனா முடக்கத்தின்போது நிலையாக இருப்பவர்களுக்குச் சில நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுக்கும் ஏற்பாடு பரவலானது. உங்கள் மையத்தில் அது உண்டா, எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளை ஒன்றை வாயில் போட்டாலும் உயிருக்கு ஆபத்து.

பக்கவிளைவில் மலச்சிக்கல்தான் முக்கியமானது. தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் இசப்கோல். வியர்வை, வாய் உலர்வு, ஆண்களுக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவது ஆகியவையும் உண்டு. கடைசியானதை யாரும் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள், அதற்காகவே மருந்தை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். சொன்னால் வழி இருக்கிறது. இரவில் பல் துலக்குங்கள், நாக்கின் அடியில் கரையும் மருந்து பல்லைக் கெடுக்கக்கூடும்.

ஆலோசனை உதவும். எந்த நேரத்தில், யாரைப் பார்த்தால், எந்தத் தெருவில் ஏக்கம் வருகிறது என்று அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுவது, அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு செய்வது, கையில் மொத்தமாகப் பணம் இருக்கும் சம்பள நாளுக்குத் தனித் திட்டம். இதெல்லாம் நல்ல ஆலோசகரின் வேலை. போதையிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. சிலருக்கு அவை பெரிய பிடிமானம். ஆனால் அங்கே யாராவது மருந்தை விட்டால்தான் நீ சுத்தம் என்று சொன்னால், டாக்டரிடம் கேட்காமல் விட்டுவிட வேண்டாம். ஆலோசகர் கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கு அடியில் இருக்கும். ஹெராயின் அதை மூடிவைத்திருக்கும். மூடி எடுத்த இரண்டாம் மாதத்தில் அது மேலே வரும். தற்கொலைப் பேச்சு வந்தால் நாடகம் என்று எடுத்துக்கொள்ளாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதென்றால்

வீட்டுச் சூழல் மோசம், கூடவே வேறு நோய்கள், வெளிநோயாளியாகப் பலமுறை முயன்றும் முடியவில்லை. இப்படி இருந்தால் உள்ளே தங்கிப் பெறும் சிகிச்சை பயன்படும். ஆனால் தமிழ்நாட்டில் மையம் என்ற பலகை மாட்டிய எல்லா இடத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வேன் வைத்து ஆளைத் தூக்கிப்போய், அடித்து, மாதக்கணக்கில் பூட்டிவைக்கும் இடங்கள் உண்டு. அங்கே நடந்த சாவுகள் செய்தித்தாளில் வருகின்றன.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலி போடுவது குற்றம். சுய விருப்பத்தில் சேர்வதுதான் வழக்கமான முறை. அவர் சம்மதிக்காமல் சேர்ப்பதற்கு இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், ஆபத்தான நிலை இருக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான். அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிட அவருக்கு உரிமை உண்டு.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்த நாட்களில் வருகிறார், இரவில் நர்ஸ் யார், வாரத்தில் எத்தனை முறை பார்க்க விடுவீர்கள், போனில் பேசலாமா, வீட்டுக்கு வரும்போது எந்த மருந்தோடு அனுப்புவீர்கள். 'முதல் மாதம் பார்க்கவே கூடாது' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் அப்படித்தான். வீடு திரும்பும் தேதிக்கு முன்பே வெளியில் பார்க்கப்போகும் டாக்டரிடம் நாள் வாங்கிவிட வேண்டும், இடையில் ஒரு நாள்கூட மருந்து இல்லாமல் இருக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியதும் வேண்டாததும்

கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்பதை முதலில் விடுங்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணை இதற்கு மருந்தாக்க உங்களுக்கு உரிமை இல்லை. 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கோயிலில் கயிறு கட்டுவது உங்களுக்கு ஆறுதல் தந்தால் கட்டுங்கள், மாத்திரையையும் கொடுங்கள்.

பணமாகக் கையில் கொடுக்காமல், வேண்டியதை வாங்கிக் கொடுங்கள். கடன்காரருக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓடிப்போய்க் கட்டாதீர்கள். ஆனால் சாப்பாட்டையும் படுக்கையையும் தண்டனையாக நிறுத்தாதீர்கள், தெருவுக்குப் போனவரைத் திரும்பச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். பேச வேண்டியதை அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். 'நீ ஏன் இப்படிப் பண்ணின' என்பதற்குப் பதில் 'நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானும் வர்றேன்' என்றால் வேலை நடக்கும். மருந்து எடுத்த நாளை, வேலைக்குப் போன நாளை வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

அம்மாவோ மனைவியோ தனியே சுமக்கும் வீடுகளில் அவர்கள் உடம்பும் மனதும் முதலில் உடையும். ஆலோசகரிடம் அவர்களுக்கும் தனி நேரம் கேளுங்கள்.

மறுபடியும் தொட்டுவிட்டால்

பெரும்பாலோர் ஒரு முறையாவது தொடுவார்கள். இதைச் சொல்வது அனுமதி கொடுப்பதற்காக அல்ல, அன்று என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. மருந்தை நிறுத்தக் கூடாது. மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அளவை ஏற்றினால் சரியாகும். தொட்டார் என்பதற்காக மருந்தை நிறுத்தும் மையம் சரியான மையம் இல்லை.

எடுத்தே தீருவேன் என்று நிற்பவருக்கும் சொல்ல வேண்டியவை உண்டு. தனியாக எடுக்கக் கூடாது. இடைவெளிக்குப் பின் பழைய அளவு கூடவே கூடாது. தூக்க மாத்திரை, குடியோடு சேர்க்கக் கூடாது. ஊசியைப் பகிரக் கூடாது. புதிய ஊசியும் சிரிஞ்சும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கர்ப்பம், அறுவை சிகிச்சை, சிறை

கர்ப்பிணி திடீரென்று நிறுத்தக் கூடாது. கருச்சிதைவும் குறைப்பிரசவமும் வரக்கூடும். மெத்தடோனோ பியூப்ரினார்ஃபினோ தொடர்வதுதான் பாதுகாப்பு. பிறந்த குழந்தைக்குச் சில நாள் முறுக்கல் வரலாம், மருத்துவமனையில் வைத்துப் பார்த்தால் சரியாகும். வேறு தடை இல்லையென்றால் தாய்ப்பாலும் கொடுக்கலாம். பெண்கள் சிகிச்சைக்கு மிகத் தாமதமாகவே வருகிறார்கள், அவர்களைக் கூட்டிப்போக ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

விபத்து, அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது எதுவானாலும் எந்த மருந்தில் இருக்கிறார் என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைப்பது நல்லது.

கைதானால், மருந்துச் சீட்டின் நகலோடு வழக்கறிஞர் மூலம் சிறை மருத்துவரிடம் தெரிவியுங்கள். வெளியே வரும் நாளில் யாராவது வாசலிலேயே போய் நின்று, நேராக டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

போலீஸ் பயம்

சிகிச்சைக்குப் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே பலர் போவதில்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மனநலச் சட்டத்தின்படி நோயாளியின் உரிமை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான பழக்கத்துக்கு அடிமையானவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. ஹெராயினுக்குச் சிறிய அளவு என்பது 5 கிராம் வரை. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் விலக்கு திரும்பப் பெறப்படலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது. வழக்கு இருந்தால் சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மருந்தை எப்போது நிறுத்தலாம்

மூன்றாம் மாதத்திலேயே வீட்டில் ஆரம்பித்துவிடும் இந்தக் கேள்வி. குறைந்தது ஒரு வருடம், பலருக்கு இரண்டு வருடமும் அதற்கு மேலும். சிலர் ஆயுள் முழுதும் எடுக்கிறார்கள், அதில் தவறில்லை. நிறுத்த நினைப்பவருக்கு நான் பார்க்கச் சொல்வது தேதியை அல்ல: வேலை நிலையாக இருக்கிறதா, பழைய சகவாசம் போய்விட்டதா, கடைசியாக ஏக்கம் வந்தது எப்போது, நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசையா வீட்டார் ஆசையா.

குறைப்பது மாதக்கணக்கில் நடக்க வேண்டும், கடைசி 2 மில்லிகிராம்தான் மிக மெதுவாக. நடுவில் தூக்கம் கெட்டாலோ ஏக்கம் வந்தாலோ அதே இடத்தில் நிறுத்திவைக்கலாம், திரும்ப ஏற்றவும் செய்யலாம். முழுதும் நின்ற பிறகும் ஒரு வருடத்துக்கு டாக்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள், மறுபடியும் மருந்து வேண்டியிருந்தால் தயங்காமல் தொடங்குங்கள். வீட்டில் வாங்கிவைத்த நாலக்சோனின் காலாவதித் தேதி போயிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிவையுங்கள்.